மாற்றுத்திறனாளி உதவித்தொகை எந்த வருமானத் தட்டுக்குப் போகிறது? ஒரு படமும் அதைச் சுற்றிய கேள்விகளும்

நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

சில நாட்களாக ஒரு படம் மனதை விட்டுப் போகவில்லை. நாட்டில் உள்ள எல்லா வீடுகளையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, பத்துச் சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவோர் எத்தனை பேர் என்று காட்டும் படம். பிரிட்டன் போல வருமான வரம்பு வைக்காமல் தொகை கொடுக்கும் நாடுகளில் இப்படிப் போட்டால், கூட்டம் கீழ்ப்பாதியில்தான் அதிகம் இருக்கிறது. ஆனால் ஆக அடியில் உள்ள பங்கில் உச்சம் இல்லை. அதற்கு மேலே இரண்டு, மூன்று தட்டுகளில்தான் உச்சம். மேல்தட்டுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். குறைவுதான், ஆனாலும் இருக்கிறார்கள்.

இதைக் காட்டியவர் என் அலுவலக நண்பர். "பாருங்கள், வசதியானவர்களுக்கும் போகிறது. அதை நிறுத்தி ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

என் தம்பிக்குப் பெருமூளை வாதம். வயது 31. என்னோடுதான் இருக்கிறான். எங்கள் வீட்டை அந்த வரிசையில் நிறுத்தினால் என் சம்பளத்தால் நடுவுக்கும் மேலே போய்விடும். தம்பிக்கென்று தனி வருமானம் எதுவும் இல்லை. அப்படியானால் அவன் "வசதியானவன்" கணக்கில்தான் வருகிறானா? இந்தப் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கதிர்வேல்

உங்கள் நண்பர் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசின் கையில் இருக்கும் பணத்துக்கு எல்லை உண்டு. ஒரு தொகையை நூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதில் முப்பது பேர் வீட்டில் வேறு நல்ல வருமானம் இருந்தால், அவர்களை விட்டுவிட்டு எழுபது பேருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். இரண்டு வேளை சாப்பாட்டுக்கே தடுமாறும் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரையும், இரண்டு சம்பளம் வரும் வீட்டில் இருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான் பார்த்தவரையில் மிகவும் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தொகை போதவே போதாது. முதலில் அவர்களைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

---

வெண்கோல்

கதிர்வேல் அண்ணா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் "உதவித்தொகை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பணங்கள் இருக்கின்றன. இந்த விவாதம் எப்போதும் குழம்புவது அங்கேதான்.

ஒன்று, வேலை செய்ய முடியாததால் வராமல் போன வருமானத்துக்கு ஈடு. இன்னொன்று, உடல்நிலையால் கூடுதலாக ஆகும் செலவுக்கு ஈடு. முதலாவதற்கு வருமானத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. எனக்குப் பார்வை இல்லை. நான் வேலைக்குப் போகிறேன், நல்ல சம்பளம். புதிய இடத்துக்குப் போனால் வாடகை வண்டிதான். திரைவாசிப்பான் மென்பொருள், அதற்கு ஏற்ற கருவி, கையெழுத்தில் வரும் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஓர் ஆள். சம்பளம் வருவதால் இந்தச் செலவு குறைவதில்லை. சொல்லப்போனால் வேலைக்குப் போவதால்தான் கூடுகிறது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் வண்டிச் செலவு ஏது?

பிரிட்டன் படத்தில் இருப்பது இந்த இரண்டாவது வகைப் பணம். அங்கே 1971-லேயே கடும் பாதிப்பு உள்ளோருக்கு உதவியாளர் படி வந்தது. 1992-ல் உழைக்கும் வயதினரையும் குழந்தைகளையும் சேர்த்து மாற்றுத்திறனாளி வாழ்க்கைப்படி (டி.எல்.ஏ.) வந்தது. 2013 முதல் உழைக்கும் வயதினருக்கு அதன் இடத்தில் பிஐபி (தனிநபர் சுதந்திர வாழ்வுப்படி) என்ற படி. இவை எதற்கும் வருமான வரம்பு கிடையாது, வரியும் கிடையாது, வேலையில் இருந்தாலும் உண்டு. பிஐபியில் கேட்பதெல்லாம் நீங்களே சமைக்க முடியுமா, குளிக்க முடியுமா, வழி கண்டுபிடித்துப் போக முடியுமா என்பதுதான். அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல்கள், நடமாட்டத்துக்கு இரண்டு. 8 புள்ளி எடுத்தால் ஒரு தொகை, 12 எடுத்தால் கூடுதல் தொகை. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே அங்கு வராது.

அப்படி வடிவமைத்த திட்டத்தை எடுத்துக்கொண்டு "மேல்தட்டிலும் ஆட்கள் இருக்கிறார்களே" என்று ஆச்சரியப்படுவது சரியில்லை. பார்வையிழப்பும் முதுகுத்தண்டு அடிபடுவதும் சம்பளம் பார்த்து வருவதில்லை. மேல்தட்டில் ஒருவருமே இல்லையென்றால்தான் திட்டத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழி. அங்குள்ள மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். ஆனால் நிரந்தரமாகப் பார்வை இழந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சோதனை இல்லை. ஒரே திட்டத்துக்குள் இரண்டு நியாயங்கள். மற்ற பாதிப்புகளுக்கு ஏன் அந்த விலக்கு இல்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்தும் கேள்வி. எனக்குச் சாதகமான விலக்காக இருந்தாலும் உறுத்துகிறது.

---

புள்ளி

கருத்தாய்வுத் தரவுகளோடு பல வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் அந்தப் படத்தின் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். நிலவன் கேட்டதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

முதல் விஷயம், வீட்டு வருமானம் என்று எடுக்கும்போது உதவித்தொகையையும் வருமானமாகவே சேர்த்துவிடுகிறார்கள். அடித்தட்டில் இருந்த வீடு தொகை கிடைத்தவுடன் ஓரிரு தட்டு மேலே ஏறிவிடுகிறது. அதனால்தான் ஆக அடியில் உச்சம் தெரியாமல் அடுத்தடுத்த தட்டுகளில் தெரிகிறது. தொகை வாங்கும் வீடுகள் அடித்தட்டில் குறைவாக இருப்பதற்குத் தொகையே ஒரு காரணம். அதைப் பார்த்து "ஏழைகளுக்குப் போகவில்லை" என்று சொல்வது, மருந்து சாப்பிட்டுக் காய்ச்சல் இறங்கியவரிடம் உங்களுக்குத்தான் காய்ச்சலே இல்லையே, மருந்து எதற்கு என்று கேட்பது போல.

இரண்டாவது விஷயம் செலவு. வீடுகளை ஒப்பிடும்போது ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப வருமானத்தைச் சரிசெய்வார்கள். பரவலாகப் பயன்படும் ஓஈசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. ஒரு குழந்தை பிறந்தால் செலவு கூடும் என்பதை இந்த அளவுகோல் ஒப்புக்கொள்கிறது. அதே வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் செலவு கூடும் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. கணவன், மனைவி, பத்து வயதுக் குழந்தை உள்ள வீடு. அளவுகோல்படி 1 + 0.5 + 0.3 = 1.8. மாத வருமானம் 1,800 அலகு. 1.8-ஆல் வகுத்தால் 1,000. வறுமைக் கோடு 1,080 என்று வையுங்கள். வீடு கோட்டுக்குக் கீழே இருக்கிறது. கணவருக்கு மாற்றுத்திறனாளிப் படி 540 கிடைக்கிறது. மொத்தம் 2,340, வகுத்தால் 1,300. வீடு கோட்டைத் தாண்டிவிட்டது, படத்தில் மேல் தட்டுக்கும் ஏறிவிட்டது. ஆனால் அவருடைய பாதிப்பால் ஆகும் கூடுதல் செலவு மாதம் 600 என்றால்? மிச்சம் 1,740. வகுத்தால் 967. பாதிப்பே இல்லாமல் 1,800-ல் வாழும் அதே அளவு வீட்டைவிடக் கீழே இருக்கிறார்கள். படம் அவர்களை 1,300-ல் நிறுத்துகிறது.

இதைப் பிரிட்டன் அதிகாரிகளே உணர்ந்திருக்கிறார்கள். குடும்ப வருமானம் பற்றிய அரசின் ஆண்டறிக்கையில் வறுமை விகிதத்தை இந்தப் படிகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகத் தருகிறார்கள். 2018-ல் சோஷியல் மெட்ரிக்ஸ் கமிஷன் என்ற குழு முன்வைத்த புதிய வறுமை அளவீட்டில், மாற்றுத்திறனால் வரும் தவிர்க்க முடியாத செலவைக் கழித்துத்தான் கணக்கிட்டார்கள்.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார். சம்பாதிப்பதில் உள்ள தடை ஒன்று. சம்பாதித்த பணத்தை நல்ல வாழ்க்கையாக மாற்றுவதில் உள்ள தடை மற்றொன்று. கேம்பிரிட்ஜில் வீப்கே குக்லிஸ் செய்த ஆய்வை அவர் எடுத்துக்காட்டுவார். பிரிட்டனில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 17.9 சதவீதம். மாற்றுத்திறனாளி ஒருவர் உள்ள குடும்பங்களில் 23.1 சதவீதம். இரண்டாவது தடையையும், அதாவது கூடுதல் செலவையும், கணக்கில் எடுத்தவுடன் அது 47.4 சதவீதமாகிவிடுகிறது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதற்குப் போனது ஐந்து புள்ளி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போனது இருபத்துநான்கு புள்ளி. வீட்டு வருமானப் படத்தில் தெரிவது அந்த ஐந்து மட்டும்தான்.

---

சந்திரிகா

புள்ளி அக்கா, ஒரு சந்தேகம். அந்தக் கூடுதல் செலவை எப்படி அளப்பார்கள்? "எனக்கு இவ்வளவு ஆகிறது" என்று ஆளாளுக்குச் சொல்வதை நம்பியா?

---

புள்ளி

நல்ல கேள்வி சந்திரிகா. கேட்டு எழுதுவது ஒரு வழி. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பணம் இல்லாதவர் செலவே செய்திருக்கமாட்டார். சக்கர நாற்காலி தேவை, ஆனால் வாங்கவில்லை. அவருடைய செலவு பூஜ்ஜியம் என்று பதிவாகிவிடும்.

இன்னொரு வழி வாழ்க்கைத் தரத்தை வைத்துப் பார்ப்பது. ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளில் சேமிப்பு இருக்கிறதா, உடைந்த பொருளை மாற்ற முடிகிறதா, அவசரச் செலவைச் சமாளிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளி உள்ள வீடு அதே தரத்தை எட்ட எவ்வளவு கூடுதல் வருமானம் வேண்டியிருக்கிறது என்பதுதான் கூடுதல் செலவு. அஸ்கர் ஸைதியும் டானியா புர்கார்ட்டும் 2005-ல் இந்த முறையில் செய்த ஆய்வு இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. இந்த முறையிலும் குறை உண்டு, ஆனால் முதல் வழியைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

---

தாமரை

எல்லாம் படித்தேன். கணக்கு எனக்கு ஓரளவுதான் புரிந்தது. ஆனால் "வீட்டு வருமானம்" என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

என் மகளுக்கு வயது 26. அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு. அவளுக்காக விண்ணப்பித்தபோது அவள் அப்பாவின் ஓய்வூதியத்தைக் காட்டி, குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் அவள் பெயருக்கு நேரே "சார்ந்திருப்பவர்" என்று எழுதியிருந்தது. 26 வயதுப் பெண். அவள் வயதில் வேறு யாரிடமும் உன் அப்பாவுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டு உரிமையை முடிவு செய்வதில்லையே.

இன்னொன்று, வீட்டுக்குள் பணம் எல்லோருக்கும் சமமாகப் போகிறது என்று இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அவளுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் நான் போகும் பெற்றோர் கூட்டங்களில் பார்க்கிறேன். "முதலில் மூத்தவன் படிப்பு, அப்புறம் இவளுக்குப் பேச்சுப் பயிற்சி" என்று தள்ளிப் போடும் வீடுகள் பல. அவர்களும் பாசம் இல்லாதவர்கள் அல்ல. ஆனால் அந்த வீடு நடுத்தட்டில் இருக்கிறது என்பதால் அந்தப் பெண் நடுத்தட்டில் இருக்கிறாள் என்று ஆகிவிடுமா?

அப்புறம், நான் வேலையை விட்டு 19 வருடம் ஆகிறது. அந்தச் சம்பளம் எந்தப் படத்திலும் இல்லை. நான் வேலைக்குப் போயிருந்தால் எங்கள் வீடு இன்னும் இரண்டு தட்டு மேலே இருந்திருக்கும். அதையும் யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

---

நிலவன்

தாமரை அக்கா, "சார்ந்திருப்பவர்" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் தம்பியின் காகிதங்களிலும் அதே சொல்தான்.

---

புள்ளி

தாமரை அக்கா, நீங்கள் விட்ட சம்பளத்தை அந்தப் படம் எடுத்துக்கொள்வதில்லை. ஒன்று மட்டும் நடக்கிறது: அந்தச் சம்பளம் இல்லாததால் வீடு கீழ்த்தட்டுக்கு நகர்ந்திருக்கும். மாற்றுத்திறனாளி உள்ள வீடுகள் கீழ்ப்பாதியில் கூடுவதற்கு, பாதிக்கப்பட்டவரின் வருமானம் போனது மட்டும் காரணமல்ல. பார்த்துக்கொள்பவரின் வருமானமும் சேர்ந்து போகிறது.

பெற்றோர் வருமானத்தைப் பிள்ளையின் கணக்கில் ஏற்றும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் எஸ்எஸ்ஐ (1974 முதல் நடப்பது, வருமானமும் சொத்தும் பார்த்துக் கொடுப்பது) திட்டத்தில் 18 வயது வரை பெற்றோரின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையுடையதாகவே எடுத்துக்கொள்வார்கள். 18 ஆனதும் அது நின்றுவிடும், ஒரே வீட்டில் இருந்தாலும். அந்த அளவில் நல்லது. ஆனால் வேறொருவர் வீட்டில் தங்கி, செலவை அவர்களே ஏற்றுக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும் விதி இருக்கிறது. உணவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவந்தார்கள், 2024 செப்டம்பர் இறுதியில்தான் அதை நீக்கினார்கள். அக்கா சோறு போட்டால் தங்கையின் தொகை குறையும் என்ற நிலை ஐம்பது வருடம் இருந்தது.

பிரேசிலில் 1988 அரசியல் சட்டத்திலேயே இந்த உரிமை இருக்கிறது. தொகையும் கௌரவமானது, ஒரு முழுக் குறைந்தபட்ச ஊதியம். ஆனால் 1993-ல் வந்த சட்டம் குடும்பத்தில் தலைக்கு வருமானம் குறைந்தபட்ச ஊதியத்தில் கால் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரே ஒருவர் குறைந்தபட்ச ஊதியம் வாங்கினாலே கோட்டில் போய் முட்டிவிடும். 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தக் கால் பங்கு அளவை மட்டும் வைத்து முடிவு செய்வது அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்று தீர்ப்பளித்தது.

---

கதிர்வேல்

தாமரை அக்காவுக்கு நடந்தது தவறு. வயது வந்தவரின் உரிமைக்கு அப்பாவின் ஓய்வூதியத்தைப் பார்ப்பது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. பணக்கார நாடுகளில் எல்லோருக்கும் கொடுக்கலாம். பணம் குறைந்த நாடு என்ன செய்யும்? இந்தியாவில் மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். 2009-ல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம், 80 சதவீதப் பாதிப்பு என்று இரண்டு வடிகட்டி. அப்படி வடிகட்டிய பிறகும் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய்தான் (80 வயதைத் தாண்டினால் 500). மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன, அது வேறு. வடிகட்டியை எடுத்துவிட்டால் அந்த 300 என்ன ஆகும்?

---

வெண்கோல்

அண்ணா, வடிகட்டி வைத்ததால் அந்த 300 கூடியதா? இத்தனை வருடமாக நகரவே இல்லையே. ஏழைகளுக்கு மட்டும் என்று ஆக்கினால் ஏழைகளுக்குக் கூடுதலாகப் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் குரல் கொடுக்கத் தெரிந்தவர்கள், அலுவலகம் ஏறி இறங்கக்கூடியவர்கள் எல்லோரும் திட்டத்துக்கு வெளியே நிற்கும்போது, தொகையைக் கூட்டச் சொல்லி வலியுறுத்த யார் இருக்கிறார்கள்?

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கூடுதல் ஏன் என்று யோசியுங்கள். மாற்றுத்திறனுக்குத் தனிச் செலவு உண்டு என்று சட்டமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அதே சட்டத்தில் 40 சதவீதப் பாதிப்பு இருந்தாலே பல உரிமைகள் உண்டு, ஆனால் மத்திய ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும். 40-க்கும் 80-க்கும் நடுவே இருப்பவர்கள் எத்தனை ஏழைகளாக இருந்தாலும் அந்தத் திட்டத்தில் இடமில்லை.

பணம் குறைந்த நாடு என்றீர்கள். நேபாளம் பணக்கார நாடில்லை. அங்கே பாதிப்பின் கடுமையைப் பொறுத்து நான்கு நிறத்தில் அடையாள அட்டை. சிவப்பும் நீலமும் வைத்திருப்பவர்களுக்கு மாதப்படி, வருமானம் கேட்பதில்லை. தொகை சின்னதுதான். ஆனால் "உன் வீட்டில் யாருக்கு எவ்வளவு வருகிறது" என்ற விசாரணை இல்லை.

---

இளவேனில்

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். இப்போது எழுதத் தோன்றுகிறது.

எனக்கும் நான் காதலிக்கும் பெண்ணுக்கும் தசைச் சிதைவு நோய். இருவருக்கும் தனித்தனியே தொகை வருகிறது. திருமணம் செய்துகொண்டால் ஒரே குடும்பம் என்று கணக்கு மாறும். அது எங்களை எங்கே கொண்டு விடும் என்று பயந்து இரண்டு வருடமாகத் தள்ளிப் போடுகிறோம். இது எங்களுக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் இதே கதை என்று பின்னால் தெரிந்தது. எஸ்எஸ்ஐ-யில் தம்பதிக்கான தொகை, ஒருவருக்கான தொகையின் ஒன்றரை மடங்குதான். தனித்தனியே வாங்கும் இருவர் மணந்துகொண்டால் மொத்தத்தில் கால் பங்கு போய்விடும். கையில் வைத்திருக்கலாம் என்று விதித்த சொத்து வரம்பு தனி ஆளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. 1989 முதல் மாறவே இல்லை.

நாங்கள் மணந்துகொள்ளாமல் இருக்கும்வரை அந்தப் படத்தில் இரண்டு ஏழை வீடுகளாகத் தெரிவோம். மணந்துகொண்டால் ஒரு தட்டு மேலே ஏறுவோம். செலவைப் பகிர்ந்துகொள்கிறோமாம். எங்கள் இருவருக்கும் தனித்தனியே உதவியாளர் வேண்டும், தனித்தனியே சக்கர நாற்காலி வேண்டும். எதைப் பகிர்வது?

---

தாமரை

இளவேனில் தம்பி, தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் தொகை போனால் நான் வந்து தரப்போவதில்லை. அதனால் சும்மா இருக்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

---

அருவி

நான் சமூகப் பணியாளர். இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தில் வாங்குகிறவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். தகுதி இருந்தும் வாங்காதவர்கள் இல்லை.

என் அனுபவத்தில் ஆக அடித்தட்டில் குறைவாகத் தெரிவதற்கு, புள்ளி சொன்ன காரணத்தோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்கு மூன்று முறை போக வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போகும். படிவத்தில் "உங்கள் மோசமான நாளை விவரியுங்கள்" என்று கேட்டால், வாழ்நாள் முழுக்கச் சமாளித்துப் பழகியவர் "சமாளித்துக்கொள்வேன்" என்று எழுதிவிடுவார். அந்த ஒரு சொல்லால் விண்ணப்பம் தோற்றுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு என்று தெரிந்தவர்கள், எழுத ஆள் உள்ளவர்கள் மேலே இருக்கிறார்கள். மேல்தட்டில் சிலர் வாங்குவது தவறில்லை. அடியில் இருப்பவர் வாங்காமல் இருப்பதுதான் தவறு. வருமானச் சோதனை என்று இன்னொரு காகிதத்தைச் சேர்த்தால் முதலில் தடுக்கி விழுகிறவர் யார்? கதிர்வேல் அண்ணா காப்பாற்ற நினைக்கும் அதே ஆள்தான்.

இன்னும் ஒன்று. வீட்டுக் கருத்தாய்வு என்பதால் காப்பகங்களிலும் விடுதிகளிலும் இருப்பவர்கள் அதில் வரவே மாட்டார்கள். யார் மாற்றுத்திறனாளி என்று எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் எண்ணிக்கை தலைகீழாகும். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.68 கோடிப் பேர், 2.21 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் சுமார் 15 சதவீதம் என்றது. இந்திய மக்களுக்குக் குறைபாடு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. "ஊனம் உண்டா" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவு வைப்பதில், குளித்து உடுத்துவதில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா, எவ்வளவு" என்று வாஷிங்டன் குழு (மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்காக ஐ.நா. அமைத்த குழு) வகுத்த ஆறு கேள்விகளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

---

கதிர்வேல்

அருவி எழுதியதை இரண்டு முறை படித்தேன். வடிகட்டி யாரை வெளியே தள்ளுகிறது என்பதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. மேலே இருப்பவரைத் தடுக்க வடிகட்டி வைத்தால் அவர் ஓர் ஆளை வைத்து ஏறி வந்துவிடுகிறார், கீழே இருப்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். சரி, அதை ஏற்கிறேன்.

ஆனால் மிக வசதியானவருக்கும் முழுத் தொகை போக வேண்டும் என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. வாசலில் தடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வருமானம் அதிகம் உள்ளவரிடம் வரியில் திரும்ப வாங்கினால் என்ன? அதற்குத் தனிக் காகிதம் வேண்டாம். அவர் எப்படியும் வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்தான்.

---

புள்ளி

வேலை செய்து பங்களிப்புச் செலுத்தியவர்களுக்குக் கொடுக்கும் தொகையில், அதாவது வருமான ஈட்டில், அந்த வழி நடைமுறையிலேயே உண்டு. அமெரிக்காவில் 1956-ல் வந்த மாற்றுத்திறனாளிக் காப்பீட்டுத் தொகை அப்படித்தான். மொத்த வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் தொகையில் ஒரு பகுதிக்கு வரி. அந்த அளவு தனி ஆளுக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000. 1984-ல் வைத்தது, இன்றும் அதேதான். விலைவாசி ஏற ஏற, வசதியானவர்களுக்கென்று வைத்த வலையில் சாதாரண வீடுகளும் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுதோறும் நகரும் வரம்பாக இருந்தால் உங்கள் யோசனை எனக்குச் சம்மதம், வருமான ஈட்டுக்கு மட்டும். செலவுக்கான படிக்கு வரி போடுவதை நான் ஏற்கமாட்டேன். செலவாகிப்போன பணத்துக்கு வரி போடுவது போல அது.

---

கதிர்வேல்

அந்த இடத்தில் நாம் இருவரும் வேறுபடுகிறோம். எந்த வீட்டுக்கு உண்மையில் அவ்வளவு செலவு என்று தெரியாத வரையில் நான் என் கருத்தில் நிற்கிறேன். ஆனால் படத்தைக் காட்டி "நிறுத்துங்கள்" என்று சொல்வதை நானும் இனிச் செய்யமாட்டேன்.

---

நிலவன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியோடு உட்கார்ந்து, புள்ளி அக்கா போட்டுக் காட்டியது போல எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டேன். இயன்முறைச் சிகிச்சை, பகலில் வரும் உதவியாளர், வண்டி, சாய்தளம் போட்ட கடன், மாத்திரை, நாற்காலிப் பழுது. நான் நினைத்ததைவிட இரண்டு தட்டு கீழே வந்தோம். நானே இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கீழே எழுதுவது தம்பி. பேசுவதை நான் தட்டச்சு செய்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"நான் நிலவனின் தம்பி. அண்ணன் செலவைக் கணக்குப் போட்டதில் ஒன்று விட்டுப்போனது. எனக்கு வரும் தொகையை நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அது வீட்டுக் கணக்கில் விழுகிறது. அண்ணன் நல்லவன், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாரம் ஒரு நாள் நூலகத்துக்குத் தனியாகப் போய்வர வேண்டும். அதற்கு வண்டியும் ஓர் ஆளும் வேண்டும். அண்ணனிடம் கேட்டால் தருவான். கேட்காமல் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. புள்ளி அக்காவுக்கு ஒரு கேள்வி. வீட்டை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் படம் போட முடியுமா?"

---

புள்ளி

முடியும் தம்பி. பல கருத்தாய்வுகளில் ஒவ்வொருவருடைய வருமானமும் தனித்தனியே பதிவாகிறது, வீட்டுக் கூட்டல் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட, தொகை வாங்கும் எல்லோரையும் எடுத்து, அந்தத் தொகையை நீக்கிவிட்டு, அவரவர் சொந்த வருமானப்படி வரிசையில் நிறுத்தலாம். நீங்களும் தாமரை அக்காவின் மகளும் அதில் முதல் தட்டில் இருப்பீர்கள், பெரும்பாலும் பூஜ்ஜியத்தில். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இனிமேல் நான் காட்டப்போகிறேன். இந்த வாரம் பொதுத் தரவு ஒன்றை எடுத்துச் செய்து பார்த்துவிட்டு, கணக்குப் போட்ட விதத்தோடு இங்கேயே போடுகிறேன்.

---

நிலவன்

தம்பி சரி என்கிறான். படம் வரும்வரை காத்திருக்கிறோம். தொகையை அவன் பெயரில் தனிக் கணக்குக்கு மாற்ற நாளைக்கு வங்கிக்குப் போகிறோம். அவனும் வருகிறான்.